சித்தன்னவாசல்: துறவியரின் பாறையும் ஊராரின் கொடையும்

குரோஷியாவின் கிர்கா தேசியப் பூங்காவில், அருவிகளாக இறங்கும் ஆற்றின் நடுவே விசோவாக் என்றொரு தீவு. பிரான்சிஸ்கன் துறவியர் 1445-இல் அங்கே குடியேறினார்கள். ஆறே அவர்களுக்கு மதில். அதற்குச் சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன்பே நம் புதுக்கோட்டைச் சீமையில் சமணத் துறவியர் தவத்துக்குத் தேர்ந்தது, வெயிலில் கொதிக்கும் மொட்டைப் பாறையை.

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது சித்தன்னவாசல். குன்றேறிப் பாறைச் சரிவில் நடந்தால் ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகைத்தளம். உள்ளே 17 கற்படுக்கைகள். தலைமாட்டில் பாறையையே மேடாக விட்டுத் தலையணையும் செதுக்கியிருக்கிறார்கள். வழவழவென்று தேய்த்த அந்தக் கல்லில்தான் துறவியர் படுத்தார்கள். சிலர் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்ததும் இங்கேதான் என்பார்கள்.

பெரிய படுக்கையின் ஓரத்தில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒன்று உண்டு. எருமி நாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி ஈதனுக்குச் சிறுபோசில் இளயர் செய்துகொடுத்த இருக்கை இது என்கிறது. எல்லாவற்றையும் துறந்து வந்தவருக்கும் படுக்க ஓர் இடம் வேண்டுமே என்று நினைத்த இல்லறத்தார் இருந்திருக்கிறார்கள். சித்தன்னவாசலின் வரலாறு முழுக்க அந்த அக்கறையின் வரலாறுதான்.

அந்த அக்கறை பல நூற்றாண்டுகள் தொடர்ந்தது. குன்றின் மேற்குச் சரிவில் உள்ள அறிவர் கோயிலின் உள்மண்டபத்தைப் புதுப்பித்து, முகமண்டபமும் எடுப்பித்தவர் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன். பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் ஆண்ட 9-ஆம் நூற்றாண்டில் நடந்த திருப்பணி அது.

விதானத்தை நிமிர்ந்து பாருங்கள். தாமரைக் குளம் ஒன்று கூரை முழுக்கப் பரந்திருக்கிறது. மீன்கள், அன்னங்கள், யானைகள், எருமைகள். கோவணம் உடுத்திய ஒருவர் வலக்கையால் தாமரையைப் பறிக்கிறார்; இடக்கையில் பூக்கூடை தொங்குகிறது. தீர்த்தங்கரரின் அறவுரை கேட்கச் செல்லும் அடியார்கள் பூப்பறிக்கும் காட்சி இது. சுண்ணாம்பு வெள்ளையும், மரக்கரிக் கறுப்பும், காவிமண் சிவப்பும் மஞ்சளுமாகத் தீட்டியிருக்கிறார்கள். தூண்களில் ஆடல் மகளிர். வளையும் இடுப்பும் வீசிய கையும் மங்கலாகத் தெரிகின்றன.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இந்த ஓவியங்கள் ஆய்வாளர் கண்ணில் பட்டன. இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருந்தும், பல இடங்களில் நிறம் உதிர்ந்து வெறும் சாந்துதான் மிஞ்சியிருக்கிறது. தொட்ட கைகளும் கீறிய பெயர்களும் செய்த சேதத்தை எந்தத் துறையாலும் திருப்பித் தர முடியாது. பிள்ளைகளை அழைத்துப்போங்கள், தொடாமல் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். இளயரும் இளங்கௌதமனும் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். இப்போது முறை நம்முடையது.

அடுத்த வாரம்: நார்த்தாமலையில் விசயாலய சோழீச்சரம்.

(தொடரும்)