ரஸ்புடின் (ஜஸ்ட் டான்ஸ் நடனம்)

ரஸ்புடின்: பிரெஞ்சு நிறுவனமான யூபிசாஃப்ட் வெளியிடும் 'ஜஸ்ட் டான்ஸ்' வீடியோ கேம் வரிசையில் இடம்பெற்றுள்ள இருவர் நடனம். நின்டெண்டோவின் வீ கருவிக்காக 2010 அக்டோபரில் வந்த 'ஜஸ்ட் டான்ஸ் 2' விளையாட்டில் அறிமுகமானது. போனி எம் குழு 1978இல் வெளியிட்ட அதே பெயர்ப் பாட்டுக்கு ஆடப்படுகிறது. உடலைத் தாழ்த்திக் கால்களை மாற்றி மாற்றி வெளியே உதறும் கொசாக் ஆட்டத்தின் சாயல்தான் இதன் அடையாளம். வேடிக்கையாகத் தெரியும் ஒரு நடனம், அந்த வரிசையிலேயே அதிகம் பேசப்படும் நடனங்களில் ஒன்றாக வளர்ந்தது. அதன் வரலாற்றில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. விளையாட்டுக் கருவி அளந்தது ஆடுபவரின் ஒரு கையை மட்டும். மக்கள் நினைவில் வைத்திருப்பதோ ஆடுபவரின் கால்களை.

பெயருக்கு உரியவர் கிரிகோரி ரஸ்புடின். சைபீரியாவின் போக்ரோவ்ஸ்கோயே கிராமத்தில் 1869இல் பிறந்த விவசாயக் குடும்பத்துச் சாமியார். ரஷ்யாவின் கடைசிச் சக்கரவர்த்தி இரண்டாம் நிக்கோலஸின் மகன் அலெக்சிக்கு இரத்தம் உறையாத நோய் இருந்தது. பிள்ளையின் வேதனையைத் தணிக்க வல்லவர் என்று அரசி அலெக்சாண்ட்ரா இவரை நம்பியதால் அரண்மனையில் செல்வாக்குப் பெற்றார். இன்றைய நாள்காட்டிப்படி 1916 டிசம்பர் 30 அன்று, அப்போது பெட்ரோகிராட் என்று வழங்கிய நகரில், இளவரசர் யூசுபோவின் மோய்க்கா மாளிகையில் வஞ்சகமாகக் கொல்லப்பட்டார். அவரைப் பற்றிக் கிளம்பிய வதந்திகளைப் பாட்டு அப்படியே எடுத்துக்கொண்டது. அவற்றில் ஒன்றான, அரசிக்கும் அவருக்கும் காதல் உறவு இருந்தது என்பதற்கு வரலாற்றில் சான்று இல்லை.

மேற்கு ஜெர்மனியின் இசைத் தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியன் உருவாக்கிய குழு போனி எம். ஜமைக்காவில் பிறந்த லிஸ் மிட்செல், மார்சியா பாரெட், மான்செராட் தீவின் மெய்ஸி வில்லியம்ஸ், அரூபா தீவின் பாபி ஃபாரெல் ஆகிய நால்வரும் அதன் முகங்கள். 'நைட்ஃபிளைட் டு வீனஸ்' தொகுப்பில் வந்த 'ரஸ்புடின்' ஜெர்மனியில் முதலிடத்தையும் பிரிட்டனில் இரண்டாம் இடத்தையும் பிடித்தது. அதன் மெட்டில் துருக்கியின் பழைய பாட்டான 'கியாதிபிம்' ஒலிப்பதைக் காதுள்ள எவரும் பிடித்துவிடுவார்கள். 1978 டிசம்பரில் குழு மாஸ்கோவுக்குப் போய் ரோஸியா அரங்கில் நிகழ்ச்சிகள் நடத்தியது. ரஷ்யாவைப் பற்றிய இந்தப் பாட்டு மட்டும் நிகழ்ச்சி நிரலில் இல்லை. சோவியத் அதிகாரிகள் அதை அனுமதிக்கவில்லை.

பதிவில் கேட்கும் ஆண் குரல் பாபி ஃபாரெலுடையது என்றே பலரும் நினைத்தார்கள். உண்மையில் அது ஒலிப்பதிவுக் கூடத்தில் ஃபாரியன் தானே பாடியது. ஃபாரெல் மேடையில் அதற்கு வாயசைத்தார், கூடவே ஆடினார். அந்த ஆட்டம் மட்டும் முழுக்க முழுக்க அவருடையது. ரஷ்ய உடுப்பில், இருந்த இடத்தில் நிற்காமல், கை கால்களை வீசிச் சுழன்று ஆடியதைப் பார்த்தவர்களுக்குப் பாட்டையும் ஆட்டத்தையும் பிரித்து நினைக்க வரவில்லை. நடன விளையாட்டுக்கு இந்தப் பாட்டு எப்படிப் பொருந்தியது என்ற கேள்விக்கு இதுவே போதுமான விடை என்று சொல்லலாம். பாட்டு பிறந்தபோதே ஓர் உடம்பையும் சேர்த்துக்கொண்டுதான் பிறந்தது.

நடன விளையாட்டுகளின் கதை காலில் தொடங்கியது. ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1998இல் கேளிக்கைக் கூடங்களில் நிறுத்திய 'டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்' இயந்திரத்தில் நான்கு அம்புக்குறிகள் உள்ள மேடை மீது ஏறி நின்று, திரையில் வரும் குறிக்கு ஏற்பக் காலால் மிதிக்க வேண்டும். கைக்கு அங்கே வேலையே இல்லை. தேர்ந்த ஆட்டக்காரர்கள் பின்னாலிருந்த கம்பியைக் கைகளால் பிடித்துக்கொண்டு கால்களை மட்டும் பறக்கவிட்டார்கள்.

2006இல் வந்த வீ இதைத் தலைகீழாக்கியது. டிவி ரிமோட்டைப் போன்ற வெள்ளைக் கட்டை ஒன்று, நழுவாமலிருக்க மணிக்கட்டில் மாட்டும் வார். கட்டைக்குள் மூன்று திசை முடுக்கத்தையும் அளக்கும் சின்னஞ்சிறு சில்லு. சில்லுக்குள் நுண்ணிய எடை ஒன்று மெல்லிய வில்களில் தொங்குகிறது. கையை வீசும்போது அந்த எடை இம்மியளவு நகரும். அதனால் மாறும் மின்தேக்க அளவைக் கருவி எண்ணாக்கி, கம்பியில்லாமல் அனுப்பிவைக்கும். புவியீர்ப்பும் அதில் பதிவாவதால் கட்டை நிமிர்ந்திருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்பதும் தெரியும். கை எங்கே இருக்கிறது என்பது தெரியாது. எவ்வளவு விசையாக, எந்தப் பக்கம், எந்த நொடியில் அசைந்தது என்பதே தெரியும்.

இதை வைத்து நடனமாட முடியுமா என்று யூபிசாஃப்ட் முதலில் பரிசோதித்தது 2008இல் வந்த 'ரேமேன் ரேவிங் ராபிட்ஸ்: டிவி பார்ட்டி'யின் குட்டி விளையாட்டு ஒன்றில். அந்த விதையிலிருந்து 2009 நவம்பரில் 'ஜஸ்ட் டான்ஸ்' வந்தது. விமர்சகர்கள் கடுமையாகவே எழுதினார்கள். கருவி சரியாகக் கணக்கிடுவதில்லை, படமும் எளிமையாக இருக்கிறது என்பது அவர்கள் குறை. கணக்கு துல்லியமில்லை என்பது உண்மை. ஆனால் வாங்கியவர்கள் கணக்குப் பார்க்க வாங்கவில்லை. பிறந்தநாள் வீட்டில் பாட்டியும் பேரனும் சேர்ந்து ஆட ஒன்று கிடைத்ததே என்று வாங்கினார்கள். விற்பனைப் பட்டியலின் உச்சிக்கு அது ஏறியபோது அந்தத் துறையில் பலர் வியந்தார்கள்.

அடுத்த ஆண்டே வந்த இரண்டாம் பாகத்தில் முக்கியமான புதுமை இருவர் நடனம். முதல் பாகத்தில் எத்தனை பேர் நின்றாலும் எல்லோரும் ஒரே அசைவைத்தான் செய்ய வேண்டும். இரண்டாவதில் திரையில் இரண்டு பேர் தோன்றினார்கள். ஒருவருக்கு ஓர் அசைவு, மற்றவருக்கு அதற்கு எதிரசைவு. 'ரஸ்புடின்' அப்படி அமைந்த முதல் தொகுதி நடனங்களில் ஒன்று.

திரையில் ஆடிக்காட்டுபவரை இந்த வரிசையில் 'கோச்' என்பார்கள். உண்மையான நடனக் கலைஞர்களுக்கு உடுப்பும் முகப்பூச்சும் போட்டுப் படம்பிடித்து, பிறகு முக அடையாளம் தெரியாதபடி பளிச்சென்ற வண்ணப் பரப்புகளாக மாற்றுவது இதன் வழக்கம். முகம் இல்லாததால் ஆடுபவர் அந்த உருவத்துக்குள் தன்னையே பொருத்திக்கொள்ள முடிகிறது. வலது கையில் மட்டும் வேறு நிறக் கையுறை. ரிமோட் இருக்க வேண்டிய கை அது என்று சொல்லாமல் சொல்லும் குறிப்பு. திரையின் கீழோரத்தில் அடுத்து வரும் அசைவுகள் சிறு படக்குறிகளாக நகர்ந்து வரும். கண்ணாடியில் பார்ப்பதுபோலப் பார்த்து ஆட வேண்டும்.

'ரஸ்புடின்' கோச்கள் இருவரும் ரஷ்ய பாணித் தொப்பியும் உடுப்பும் அணிந்தவர்கள். பாட்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 125 தட்டு வேகத்தில் ஓடுகிறது. பல்லவி வந்ததும் கைகள் மடங்க, கால்கள் கிளம்புகின்றன. கிழக்கு ஐரோப்பிய ஆட்டங்களில் பிரிஸ்யாத்கா என்று வழங்கும் அசைவின் வீட்டுப் பிரதி இது. பரதம் கற்றவர்கள் முழுமண்டியில் உட்கார்ந்தபடி ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு காலை முன்னே எறிவதாகக் கற்பனை செய்துகொண்டால் மூல ஆட்டத்தின் கடுமை புரியும். முழங்காலும் தொடையும் வருடக்கணக்கில் பழகியிருக்க வேண்டும். விளையாட்டு அவ்வளவு கேட்பதில்லை. அரைகுறையாகத் தாழ்ந்து உதறினால் போதும். அப்படியும் இரண்டாவது பல்லவி வருவதற்குள் தொடை எரிய ஆரம்பிக்கும். பஸ்கி எடுத்துப் பழகாதவர் மறுநாள் மாடிப்படி இறங்கும்போது இந்த நடனத்தை நினைத்துக்கொள்வார்.

இந்த அசைவை ரஷ்யாவுக்கு மட்டும் எழுதிவைப்பது சரியில்லை. குந்திக் கால் உதறும் ஆட்டம் உக்ரைனின் ஹோபாக் நடனத்தில் உயிராக இருப்பது. கொசாக் குடிகள் வாழ்ந்த நிலமெங்கும் பரவியது. மேற்கத்தியக் கேளிக்கை உலகம் இவை எல்லாவற்றையும் நெடுங்காலமாக 'ரஷ்ய நடனம்' என்ற ஒரே பெயரில் அடைத்துவிட்டது. பாட்டும் நடனமும் அந்தப் பழக்கத்திலிருந்து விலகவில்லை. துருக்கி சாயல் மெட்டு, ஜெர்மன் தயாரிப்பாளர், கரீபியக் கலைஞர்கள், பாரிஸ் நடன வடிவமைப்பு, ஜப்பான் கருவி என்று இத்தனை ஊர் சேர்ந்த ஒன்றுக்கு ஒரே நாட்டு முத்திரை விழுந்தது.

இனி கைக்கும் காலுக்கும் உள்ள கணக்கு. ஆடுபவர் தாழும்போது ரிமோட் பிடித்த கையும் சேர்ந்து தாழ்வதால் சில்லு ஓர் அதிர்வை உணரும். ஆனால் அந்த அதிர்வு உடல் முழுவதும் இறங்கியதால் வந்ததா, கை மட்டும் இறங்கியதால் வந்ததா என்று பிரித்தறிய அதற்கு வழியில்லை. ஆகவே சோபாவில் சாய்ந்துகொண்டு வலது கையை மட்டும் தாளத்துக்கு ஆட்டினாலும் நல்ல புள்ளி வரும். பிள்ளைகள் இதை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடித்த பிறகும் 'ரஸ்புடின்' ஒலித்தால் எழுந்து நின்று உதறுவார்கள் என்பதுதான் இந்த நடனத்தின் சிறப்பு. புள்ளிக்காக யாரும் தொடை நோக ஆட வேண்டியதில்லை. பக்கத்தில் நிற்பவரும் உதறுகிறார், அறையே பார்த்துக்கொண்டிருக்கிறது, அதனால் ஆடுகிறார்கள். நடனமாட இதைவிடத் தகுதியான காரணம் தேவையில்லை.

உடம்பு முழுவதையும் பார்க்கும் கருவி அதே பருவத்தில் வந்தது. மைக்ரோசாஃப்டின் கைனெக்ட் கேமராவும் அதற்காக ஹார்மோனிக்ஸ் உருவாக்கிய 'டான்ஸ் சென்ட்ரல்' விளையாட்டும் 2010 நவம்பரில் கடைக்கு வந்தன. தோள், முட்டி, கணுக்கால் எல்லாம் அதற்குத் தெரியும். தவறு செய்த உறுப்பைத் திரையில் சிவப்பாகக் காட்டும். தொழில்நுட்பத்தில் அது பல படி முன்னே இருந்தது. ஆனால் 2017இல் கைனெக்ட் தயாரிப்பே நின்றுபோனது. வீ கருவிக்கோ 2019இன் 'ஜஸ்ட் டான்ஸ் 2020' வரைக்கும் இந்த வரிசையில் புது விளையாட்டு வந்துகொண்டே இருந்தது.

விளையாட்டு வெளியான மூன்றே மாதத்துக்குள் பாபி ஃபாரெல் காலமானார். 2010 டிசம்பர் 30 அன்று, முந்தைய இரவு நிகழ்ச்சி நடத்திவிட்டுத் தங்கியிருந்த ஓட்டல் அறையில். ஊர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். ரஸ்புடின் கொல்லப்பட்ட அதே நகரம், அதே தேதி. வயது 61. அவருடைய ஆட்டத்தின் சாயலைச் சுமந்த உருவங்கள் அந்தப் புத்தாண்டு விடுமுறையில் எத்தனையோ வீடுகளின் டிவியில் ஆடிக்கொண்டிருந்தன. குரல் அவருடையதில்லை என்று சொல்லிச் சொல்லி அவரைக் குறைத்து எழுதியவர்கள் உண்டு. அவர் கொடுத்த உடல் எத்தனை தூரம் போயிருக்கிறது என்பதற்கு இந்த நடனம் நல்ல சாட்சி.

அடுத்த பத்தாண்டில் நடனம் வீட்டு வரவேற்பறையை விட்டு வெளியே வந்தது. விளையாட்டு விழாக்களிலும் காமிக்ஸ் மாநாடுகளிலும் பெரிய திரை வைத்து 'ஜஸ்ட் டான்ஸ்' ஆடவிடுவது வழக்கமானபோது, 'ரஸ்புடின்' கூட்டத்தை இழுத்தது. ஒருவர் உண்மையாகவே தரைக்கு இறங்கி உதறத் தொடங்கினால் சுற்றி நிற்பவர்கள் கைதட்டித் தாளம் போடுவார்கள். அந்தக் காட்சிகள் யூடியூபிலும் பிறகு டிக்டாக்கிலும் பரவின. பார்ப்பவர் கண் திரையின் புள்ளியில் நிற்பதில்லை, ஆடுபவரின் முழங்காலில் நிற்கிறது. 2021 தொடக்கத்தில் பிரிட்டிஷ் டிஜே மெஜஸ்டிக் இந்தப் பாட்டைப் புதிதாகக் கலந்து வெளியிட்டார். அது பிரிட்டனில் 11ஆம் இடம் வரை ஏறியது. நாற்பது ஆண்டுப் பழைய டிஸ்கோ பாட்டு பள்ளிப் பிள்ளைகளின் போனுக்கு வந்து சேர்ந்தது. ஃபாரியன் அதைப் பார்த்துவிட்டு 2024 ஜனவரியில் மறைந்தார்.

2014இல் வந்த 'ஜஸ்ட் டான்ஸ் நவ்' சேவையும், பின்னர் வந்த 'ஜஸ்ட் டான்ஸ் அன்லிமிடெட்' சந்தாவும் பழைய நடனங்களைத் தக்கவைத்தன. 'ரஸ்புடின்' அவற்றில் இடம்பெற்றது. வெள்ளை ரிமோட்டின் இடத்தில் இப்போது செல்போன். முடுக்கத்தை அளக்கும் அதே வகைச் சில்லுதான், இன்னும் சிறிதாகப் போனுக்குள் இருக்கிறது. வலது கையில் பிடித்து ஆட வேண்டும். பின்னாளைய பாகங்களின் கணக்குப்படி 10,000 புள்ளிக்கு ஐந்து நட்சத்திரம், 11,000க்கு சூப்பர்ஸ்டார், 12,000க்கு மெகாஸ்டார். உச்ச அளவு 13,333. கால் உதறலுக்கென்று அதில் தனிப் புள்ளி கிடையாது.