எரிந்த கோட்டைக்கு நான்கு நாள்

‘புய் து ஃபூ’ என்ற பெயரைக் கேட்டால் கொஞ்சம் பிரெஞ்சு படித்தவர்களுக்குச் சிரிப்பு வரும். இன்றைய பிரெஞ்சில் ‘ஃபூ’ என்றால் பைத்தியம். ஆனால் இந்தப் பெயரில் இருப்பது பழைய ‘ஃபூ’, பீச் எனும் காட்டு மரத்தின் லத்தீன் பெயரிலிருந்து வந்த சொல். ‘புய்’ என்றால் மேடு. பிரான்சின் மேற்கில் வான்டே என்ற மாவட்டத்தில் இருக்கும் இந்த மரமேட்டுக்கு இன்று ஆண்டுக்கு 20 லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். ரோலர் கோஸ்டர் கிடையாது. ராட்டினம் கிடையாது. வருபவர்கள் எல்லாரும் வரலாறு பார்க்கத்தான் வருகிறார்கள். ரோமானிய அரங்கில் தேர்ப்பந்தயம் ஓடுகிறது, தண்ணீருக்கடியிலிருந்து வைக்கிங் கப்பல் எழும்புகிறது, முதல் உலகப்போரின் பதுங்குகுழிக்குள் நாமே நடந்து போகலாம்.

அடுத்த ஜூனில் நானும் தங்கையும் அங்கே போவதாக இருக்கிறோம். அவளுக்குப் பாரிஸில் வேலை, அதோடு நான்கு நாள் விடுப்பைச் சேர்த்துக்கொண்டாள். அவள் போட்ட பட்டியலில் நான்கு நாளும் பூங்காவுக்குள்ளேயே கழிந்தது. நான் அதைத் திருத்தி, பூங்காவுக்கு இரண்டே நாள் கொடுத்தேன்.

“அக்கா, நாம ஷோ பாக்கப் போறோமா, இல்ல பரீட்சை எழுதப் போறோமா?” என்றாள்.

நியாயமான கேள்விதான். பதில் சொல்ல வேண்டுமென்றால் அந்தக் கோட்டை எப்படி எரிந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பிரெஞ்சுப் புரட்சியைப் பள்ளியில் படித்த நமக்குத் தெரிந்தது பாஸ்தீல் சிறை, கில்லட்டின், சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம். வான்டே நமக்குத் தெரியாது. 1790இல் புரட்சி அரசு பாதிரியார்களை அரசு ஊழியர்களாக்கிச் சட்டம் போட்டது. விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்தவர்கள் பதவி இழந்தார்கள். வான்டே கிராமங்களில் மறுத்தவர்கள் அதிகம், ஊர்மக்களும் அவர்கள் பக்கமே நின்றார்கள். 1793 ஜனவரியில் அரசனின் தலை உருண்டது. அடுத்த மாதம், பிப்ரவரி 24 அன்று, போருக்கு 3,00,000 ஆட்களைத் திரட்டும்படி ஆணை வந்தது. அரசனின் தலை போனதற்கு எழாத கிராமங்கள், பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போக வந்தபோது எழுந்தன. முதல் தலைவர்களில் ஒருவரான கத்லினோ ஊர் ஊராகப் பொருள் விற்றுத் திரிந்தவர். பிரபுக்கள் பின்னால்தான் வந்தார்கள். பல இடங்களில் விவசாயிகளே அவர்கள் வீட்டு வாசலுக்குப் போய் அழைத்து வந்தார்கள். கடற்படை அதிகாரியாக இருந்து ஊர் திரும்பியிருந்த ஷாரெட் என்பவரைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்து வந்ததாகக்கூட ஒரு கதை உண்டு.

அக்டோபரில் ஷோலே என்ற ஊரில் கிளர்ச்சிப்படை தோற்றது. பெண்களும் குழந்தைகளுமாகப் பல்லாயிரம் பேர் லுவார் ஆற்றைக் கடந்து வடக்கே நடந்தார்கள். ஆங்கிலேயரின் உதவிக் கப்பல் வரும் என்ற நம்பிக்கை. கப்பல் வரவில்லை. திரும்பி வரும் வழியில், டிசம்பர் 23 அன்று சவனேயில் எஞ்சிய படையும் அழிந்தது. பெரிய போர் அதோடு முடிந்துவிட்டது.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் கவனிக்க வேண்டும். 1794 ஜனவரியில் தளபதி தூரோ தன் படையைப் பல அணிகளாகப் பிரித்து, தோற்றுப்போன அந்த நிலத்துக்குள் அனுப்பினார். வீடு, பயிர், காடு எல்லாவற்றையும் எரிக்கவேண்டும் என்பது திட்டம். ‘நரகப் படைகள்’ என்று அவற்றுக்குப் பெயர் வந்தது. பிப்ரவரி 28 அன்று லெ லூக் என்ற ஊரில் பெண்கள், முதியவர்கள், குழந்தைகள் கொல்லப்பட்டார்கள். அந்த ஊர்ப் பாதிரியார் எழுதிவைத்த பட்டியலில் 564 பெயர்கள். ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகள் மட்டும் நூற்றுக்கு மேல். அவர்கள் எல்லாரும் ஒரே நாளில்தான் இறந்தார்களா என்று வரலாற்றாசிரியர்கள் பின்னால் கேள்வி எழுப்பினார்கள். இறந்தார்கள் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. போர்க்காலம் முழுவதும் சேர்த்து வான்டே பகுதியில் ஏறக்குறைய 1,70,000 பேர் இறந்திருக்கலாம் என்பது இன்று பலரும் எடுத்துக்காட்டும் மதிப்பீடு. புய் து ஃபூ கோட்டை எரிந்ததும் அந்த 1794இல்தான்.

தூரோவை விசாரித்தார்கள், விடுவித்தார்கள். பின்னால் அவர் அமெரிக்காவுக்கான தூதராகவும் ஆனார். பாரிஸின் வெற்றி வளைவில் செதுக்கியிருக்கும் தளபதிகளின் பெயர்களில் அவர் பெயரும் உண்டு. அங்கே எல்லாரும் செல்ஃபி எடுப்பார்கள். எங்கள் பயணம் உண்மையில் தொடங்குவது அந்த வளைவில்தான். அவர் பெயரைத் தேடிப் பார்க்காமல் ரயில் ஏறக்கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

இனி நாட்கணக்குக்கு வருகிறேன்.

முதல் நாள், வியாழன். பாரிஸின் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து நாந்த் நகருக்கு அதிவேக ரயில். பூங்காவுக்கு மட்டும் போகிறவர்கள் ஆன்ஜேயில் இறங்கிப் பேருந்து பிடிக்கலாம், அதுதான் சுலபம். நாங்கள் நாந்தில் இறங்கி வாடகைக் கார் எடுக்கிறோம், ஏனென்றால் முதல் நாள் பூங்காவுக்குப் போவதில்லை. லெ லூக்குக்குப் போகிறோம். அங்கே அந்தப் பெயர்களைத் தாங்கிய சின்ன ஆலயமும், 1993இல் திறந்த நினைவிடமும், 2006இல் திறந்த வான்டே வரலாற்று அருங்காட்சியகமும் அருகருகே இருக்கின்றன. இசை, குதிரை, வாணவேடிக்கை எதுவும் இல்லாமல் முதலில் பெயர்களைப் பார்க்கவேண்டும் என்பது என் கணக்கு. ஷோவை முதலில் பார்த்துவிட்டால் அந்தப் பெயர்களும் ஷோவின் துணைப்பாத்திரங்கள் போல ஆகிவிடும்.

இரண்டாம் நாள், வெள்ளி. பூங்கா. சுமார் இருபது நிகழ்ச்சிகள், ஒவ்வொன்றும் பெரும்பாலும் அரை மணி நேரம். அரங்குக்கு அரங்கு நல்ல நடை, முன்கூட்டியே போய் உட்கார வேண்டும். ஒரு நாளில் ஐந்து, ஆறுக்கு மேல் முடியாது. நிகழ்ச்சி நேரங்கள் நாளுக்கு நாள் மாறும், அதனால் அன்றைய அட்டவணையைச் செயலியில் பார்த்துத்தான் வரிசை போடணும். பேச்சு எல்லாம் பிரெஞ்சு. மொழிபெயர்ப்பையும் செயலியில் கேட்கலாம். இரவு தங்குவதற்கும் ‘நூற்றாண்டு’ தேர்ந்தெடுக்க வேண்டும். ரோமானிய மாளிகை, கம்பங்கள்மேல் நிற்கும் பழங்காலக் குடிசைகள், 1520இல் இரண்டு அரசர்கள் சந்தித்த பொற்துணிக் கூடாரம் என்று விடுதிகளே அப்படித்தான். தங்கை கூடாரத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டாள்.

அன்றைக்கு நாங்கள் பார்க்கப்போவது பழைய நூற்றாண்டுகள். அதில் ஒரு சின்ன விளையாட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ஷோவிலும் ‘நாம்’ யார், ‘அவர்கள்’ யார் என்று குறித்துக்கொள்வது. ரோமானிய அரங்கில் நடக்கும் கதை பேரரசர் டயோக்ளீஷியன் காலத்தது. உயிர் பிழைக்கப் போட்டியில் வென்றாக வேண்டிய கவுல் கைதிகள் ஒருபுறம், ரோம் மறுபுறம். பார்க்கிறவர்கள் கவுல்களுக்காகக் கத்துவார்கள். ஆனால் டயோக்ளீஷியன் 284இல்தான் ஆட்சிக்கு வந்தார். அதற்குள் கவுல் நாடு ரோமின் கீழ் வந்து முந்நூறு ஆண்டு தாண்டியிருந்தது. 212ஆம் ஆண்டு ஆணைப்படி பேரரசின் சுதந்திர மக்கள் ஏறக்குறைய எல்லாருமே ரோமானியக் குடிமக்கள். அந்த அரங்கில் அந்தக் காலத்தில் உட்கார்ந்திருக்கக்கூடிய கவுல்காரர் தன்னை ரோமானியர் என்றே சொல்லியிருப்பார். வைக்கிங் நிகழ்ச்சியும் இப்படித்தான். அங்கே கொள்ளைக்கூட்டத்தை மாற்றுவது ஒரு புனிதரின் அற்புதம். வரலாற்றில் 911இல் வைக்கிங் தலைவன் ரோலோ மதம் மாறியதற்குப் பின்னால் ஓர் ஒப்பந்தம் இருந்தது. அவனுக்குக் கிடைத்த நிலம் பின்னர் நார்மண்டி ஆனது.

ஒன்றிரண்டு பிழை என்றால் விட்டுவிடலாம். 2022இல் நான்கு பிரெஞ்சு வரலாற்றாசிரியர்கள் ‘லெ புய் து ஃபோ’ என்று ஒரு புத்தகம் எழுதினார்கள். பிரெஞ்சில் ‘ஃபோ’ என்றால் பொய். தேதிப் பிழைகளோடு அவர்கள் நிற்கவில்லை. எல்லா நூற்றாண்டிலும் கதை ஒன்றேதான் என்பது அவர்களுடைய வாதத்தின் சாரம். என்றும் மாறாத ஒரு பிரான்ஸ், அமைதியான கிராமம், நம்பிக்கை. வெளியிலிருந்து வரும் ஒன்று அதைக் கலைக்கிறது. ரோம், வைக்கிங், ஆங்கிலேயர் என்று வரிசையாக வந்து கடைசியில் புரட்சியும் ‘வெளியிலிருந்து’ வந்ததாகவே ஆகிவிடுகிறது. பூங்காவை ஆதரிப்பவர்கள், இது கலை, பாடநூல் இல்லை என்கிறார்கள். அதுவும் சரிதான். ஆனால் பாடநூலுக்குக் கைதட்டி யாரும் அழுவதில்லை. மனதில் தங்குவது எது என்று நமக்குத் தெரியும்.

மூன்றாம் நாள், சனி. காலையில் ஷாரெட். 2016இல் தொடங்கிய ‘கடைசி இறகு’ நிகழ்ச்சியில் பார்வையாளர்களின் இருக்கைகள் அப்படியே முழுவட்டம் சுழலும். அமெரிக்க விடுதலைப் போரில் கடற்படை வீரன், பிறகு வான்டே தலைவன், 1796 மார்ச் 29 அன்று நாந்தில் சுட்டுக் கொல்லப்பட்டவன். நல்ல நாடகத்துக்கு வேண்டிய எல்லாமே அந்த வாழ்க்கையில் இருக்கிறது. மாலையில் கட்டாயம் ஓய்வு, ஏனென்றால் இரவுதான் சினேசெனி.

இதற்குத் தனிச் சீட்டு. கோடையில் வெள்ளி, சனி இரவுகளில் மட்டும், இருட்டிய பிறகு, அதாவது ஜூனில் பத்து மணிக்கு மேல்தான் தொடங்கும். பல மாதங்களுக்கு முன்பே விற்றுப்போகும். எனவே விமானச் சீட்டுக்கு முன்னால் இதை வாங்க வேண்டும். எரிந்த கோட்டையும் அதன் முன்னுள்ள குளமும் சேர்ந்து 23 ஹெக்டர் மேடை. நடிப்பவர்கள் சுமார் 2,500 பேர். அவர்களில் யாருக்கும் சம்பளம் இல்லை. சுற்று ஊர்களின் விவசாயிகள், ஆசிரியர்கள், மாணவர்கள், பாட்டிகள். மொப்பிலியே என்ற விவசாயக் குடும்பத்தின் கண் வழியாக வான்டேயின் எழுநூறு ஆண்டுகளைக் காட்டுவதுதான் கதை.

முதல் காட்சி 1978இல் நடந்தது. கதையை எழுதியவர் அப்போது முப்பது வயதுகூட ஆகாத பிலிப் த வில்லியே. அவர் பின்னர் வலதுசாரி அரசியல்வாதியாகி, 1995லும் 2007லும் அதிபர் தேர்தலில் நின்றார். நாடே புரட்சியின் 200ஆம் ஆண்டைக் கொண்டாடிய 1989இல்தான் பகல் பூங்காவும் திறந்தது. இதைத் தற்செயல் என்று யாராவது நம்பினால் அவர்களோடு நான் சண்டை போடமாட்டேன்.

ஆனால் அந்த 2,500 பேரை வில்லியேவின் அரசியலுக்குள் அடைத்துவிட என்னால் முடியவில்லை. குடியரசு எழுதிய தேசிய வரலாற்றில் வான்டே நெடுங்காலம் பிற்போக்கின் இன்னொரு பெயராக இருந்தது. தங்கள் முப்பாட்டனார் முட்டாள்தனமாகச் செத்தவர்கள் என்று கேட்டே வளர்ந்த ஊர்கள், ஒரு கோடை இரவில் எரிந்த சுவருக்கு முன்னால் கூடி, “நாங்களும் இருந்தோம்” என்று சொல்கின்றன. அந்தச் சொல் உண்மையானது. அதைத் தாங்கிநிற்கும் கதையில் பாதி, கட்டிய கதை. உண்மையான காயம் ஒன்று பொய்யான கதையில் குடியேறும்போது என்ன செய்வது? காயத்தை மறுத்தால் பாரிஸ் வளைவின் பக்கம் போய் நிற்போம். கதையை அப்படியே வாங்கிக்கொண்டால் வில்லியேவின் பக்கம். இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் எனக்கு நான்கு நாள் தேவைப்படுகிறது.

நான்காம் நாள், ஞாயிறு. நாந்துக்குத் திரும்பும் வழியில் கொஞ்சம் சுற்றி மஷ்கூல் என்ற ஊருக்குப் போகிறோம். சுற்றுலாப் பயணிகள் தேடிப் போகும் இடமில்லை அது. 1793 மார்ச்சில் கிளர்ச்சியாளர்கள் அந்த ஊரைப் பிடித்தார்கள். அடுத்த சில வாரங்களில் குடியரசை ஆதரித்த அதிகாரிகளையும் ஊர்க்காவலர்களையும் நூற்றுக்கு மேல் கொன்றார்கள். சிலரை வரிசையாகக் கயிற்றில் கட்டிச் சுட்டார்கள். நரகப் படைகள் வருவதற்குப் பத்து மாதங்களுக்கு முன்பு நடந்தது இது. இதைக் காட்டி லெ லூக்கின் குழந்தைகளை யாரும் கழித்துவிட முடியாது. ஆனால் லெ லூக்கைக் காட்டி இவர்களையும் மறைக்க முடியாது. மஷ்கூலுக்கென்று பூங்காவில் ஒரு நிகழ்ச்சியும் கிடையாது.

தங்கையின் கேள்விக்கு இப்படித்தான் பதில் சொன்னேன். அவள் யோசித்துவிட்டு, “சரி, ஆனா தேர்ப்பந்தயத்துல நான் கத்துவேன், நீ பக்கத்துல உக்காந்து 212னு தேதி சொல்லிட்டு இருக்கக்கூடாது” என்றாள். ஒப்புக்கொண்டேன். நானும் கத்தத்தான் போகிறேன். இது ரசிப்பதைத் தடுக்கும் திட்டம் இல்லை. கைதட்டும்போது யாருக்காகத் தட்டுகிறோம் என்று தெரிந்திருந்தால் போதும்.

போக நினைப்பவர்களுக்கு ஒரு வரி: சினேசெனிக்குச் சீட்டு வாங்கும் அன்றே லெ லூக் அருங்காட்சியகம் திறந்திருக்கும் நாட்களையும் பார்த்துவிடுங்கள். மஷ்கூலுக்குச் சீட்டு எதுவும் வேண்டாம்.