மயிலாப்பூர் வீட்டில் ஓர் உண்ணாநோன்பு

தெலுங்கு பேசும் மாவட்டங்களைச் சென்னை மாநிலத்திலிருந்து பிரித்து, ஆந்திரத்தை மொழிவழி மாநிலமாக, அதாவது ஒரு மொழி பேசுவோரின் தனி ஆட்சிப் பகுதியாக, அமைக்கக் கோரி, 1952 அக்டோபர் 19 அன்று காந்தியவாதி பொட்டி ஸ்ரீராமுலு மயிலாப்பூரில் புலுசு சாம்பமூர்த்தியின் இல்லத்தில் உண்ணாநோன்பைத் தொடங்கினார். நோன்புக்கு இடம் தந்த சாம்பமூர்த்தி 1937இல் சென்னைச் சட்டமன்றத்தின் சபாநாயகராகப் பொறுப்பேற்றவர் என்பதால், எதிர்ப்புக்குரல் ஆட்சிமன்றத்தை அறிந்தவரின் கூடத்திலிருந்தே எழுந்தது எனலாம்.

சென்னை நகரம் யாருக்கு என்ற பிணக்கு தீராத நிலையில் தில்லி தயங்கியது. முதலமைச்சர் ராஜாஜியும் இணங்கவில்லை. கூட்டத்தைக் கலைக்கவும் ஊர்வலத்தைத் தடுக்கவும் சட்டம் வைத்திருந்த அரசிடம், தன் உடலையே வாதமாக முன்வைத்து நாள்தோறும் நலிந்துவந்த தனி மனிதருக்குத் தர மறுமொழி இல்லாமற்போனது பெருந்துயரம். டிசம்பர் 15 இரவு அவர் உயிர்நீத்தார். ஆந்திர மாவட்டங்களில் கலவரம் மூண்டு, துப்பாக்கிச் சூட்டில் பலர் மாண்டபின், டிசம்பர் 19 அன்று நேரு தனி மாநிலத்தை அறிவித்தார். அது 1953 அக்டோபர் 1 அன்று, சென்னை நகரம் நீங்கலாக, கர்நூலைத் தலைநகராகக் கொண்டு அமைந்தது.