இரண்டு புறங்கைகள்

உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து வரும் இளைஞனின் புறங்கையையும் எழுபது வயதுப் பாட்டியின் புறங்கையையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இரண்டிலும் சிரைகள் ஒன்றுபோலப் புடைத்திருக்கும். அவன் அதைப் படமெடுத்துப் போடுகிறான். பாட்டியோ புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொள்கிறார்.

எடை தூக்கும்போது முன்கைத் தசைக்குள் ரத்தம் பாய்ந்து, நுண்குழாய்களிலிருந்து நீர் கசிந்து, தசை விம்முகிறது. விம்மிய தசை சிரைகளைத் தோலை நோக்கித் தள்ளுகிறது. புறங்கையில் தசை குறைவு. அங்கே சிரையை விரியவைப்பது பெரும்பாலும் உடற்சூடுதான். சூடு தணிந்தால் புடைப்பும் தணியும்.

பாட்டியின் கையில் எதுவும் எதையும் தள்ளவில்லை. தோல் மெலிந்து, அடியிலிருந்த கொழுப்பும் கொலாஜனும் குறைந்துவிட்டன. சிரைச்சுவர் தளர்ந்து அகன்றிருக்கிறது. அவனிடம் சிரை மேலேறுகிறது. இவரிடம் மூடியிருந்தது விலகுகிறது.

ஆயினும் ஓரிடத்தில் இருவரும் உறவினரே. கொழுப்பு அவன் முயன்று கரைத்தது, இவரிடம் வயது கரைத்தது. இயல்பிலேயே ஒல்லியானவருக்கு இரண்டு காரணமும் வேண்டியதில்லை. எனவே புடைத்த சிரையை வலிமைக்கோ நோய்க்கோ சான்றாக்குவது அவசரம். கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தினால் இருவர் சிரைகளும் வழக்கமாகத் தட்டையாகிவிடும். ரத்தம் இதயத்தை நோக்கி வடிந்துவிடுவதே காரணம். துணியால் இறுக்கிக் கட்டிய கையில் புடைத்த சிரைகளைக் காட்டித்தான், 1628இல் வெளியான நூலில் மருத்துவர் வில்லியம் ஹார்வி சிரை வால்வுகள் ரத்தத்தை இதயத்தை நோக்கி மட்டுமே விடுகின்றன என்று நிறுவினார்.

ட்ரிப்ஸ் ஏற்ற வரும் செவிலியருக்குப் பாட்டியின் கையே எளிதாகத் தோன்றும். ஊசி நெருங்கியதும் அந்தச் சிரை நழுவும், குத்தினால் கசியும். இளைஞனுடையது சுற்றியுள்ள திசுவின் பிடிப்பில் நிற்கும். தெளிவாகத் தெரிவது சொன்னபடி கேட்பதில்லை.

ஆபத்திலும் எதிர்பார்ப்பு தலைகீழாகிறது. பேஜட்–ஷ்ரோட்டர் நோய்க்குறி என்ற ஒன்று உண்டு: கையைத் தலைக்கு மேல் ஓயாமல் உழைக்கவைப்பதால் தோளருகே ஆழ்சிரையில் ரத்தம் உறைவது. அது பெரும்பாலும் பிடிப்பது திடகாத்திரமான இளைஞர்களை. முதுமையில் மெல்லப் பல ஆண்டுகளில் எழும் சிரைகள் பொதுவாக எந்தத் தீங்கும் செய்வதில்லை.

ஆகவே வயதைப் பார்க்காதீர்கள், வேகத்தைப் பாருங்கள். ஒரு கை மட்டும் திடீரென வீங்கி, வலித்து, நிறம் மாறி, தோள்வரை புதிதாய்ச் சிரைகள் தெரிந்தால், அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள்.