சபுராளிகளின் நோன்புக் கஞ்சி

ரமளான் பிறை தென்பட்டதும் நாகூரிலும் காயல்பட்டினத்திலும் பள்ளிவாசல் முற்றங்களில் கஞ்சி அடுப்புகள் மூட்டப்படுகின்றன. கடலுக்கு அப்பால் பினாங்கின் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலிலும் அதே கஞ்சி கொதிக்கிறது. மரைக்காயர்களின் கப்பல்களைப் பற்றியும் வணிகத்தைப் பற்றியும் நிறையவே எழுதியிருக்கிறோம். அவர்கள் அந்நிய மண்ணில் எதைச் சமைத்து நோன்பு திறந்தார்கள் என்பதைப் பற்றி எழுதியது குறைவு.

1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் ஆங்கிலேயக் குடியேற்றத்தை நிறுவியபோதே சோழமண்டலக் கரையிலிருந்து சூலியா முஸ்லிம்கள் அங்கு வந்து சேர்ந்தனர். 1790-களில் அவர் எழுதிய குறிப்பு, கடைக்காரரும் கூலியாள்களுமாக ஏறத்தாழ 1000 சூலியாக்கள் அங்கே வாழ்ந்ததாகவும், ஆண்டுதோறும் 1300 முதல் 2000 பேர் வரை கப்பலில் வந்து, சிறிது பொருள் சேர்ந்ததும் ஊர் திரும்பியதாகவும் கூறுகிறது. இவ்வாறு சபர் சென்றவர்களையே நம் ஊர்களில் சபுராளிகள் என்றோம். பெரும்பாலோர் தாயையும் மனைவியையும் ஊரில் விட்டுச் சென்ற ஆண்கள்.

பாய்மரக் கப்பல் பருவக்காற்றுக்குக் கட்டுப்பட்டது. காற்றின் பருவமோ ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே மாதங்களில் வருவது. ரமளான் அப்படியன்று, ஆண்டுக்குப் பதினொரு நாள் அளவில் முன்னகர்ந்து, சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவிடுகிறது. ஆகவே ஊரில் இருந்து நோன்பு நோற்பதா, சபரில் நோற்பதா என்பது பல ஆண்டுகளில் சபுராளியின் கையில் இருக்கவில்லை. பயணிக்கு நோன்பைப் பின்னர் நோற்கும் சலுகையைத் திருக்குர்ஆன் (2:185) வழங்குகிறது. எனினும் கரையோர முஸ்லிம்கள் பலரும் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில், வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாள்கள் ஓரிடத்தில் தங்க எண்ணியவர் பயணியாகக் கருதப்படுவதில்லை. மாதக்கணக்கில் கடை நடத்தியவர் நோன்பு நோற்றே ஆகவேண்டும். மாலையில் அதைத் திறக்க உணவும் வேண்டும்.

இங்கேதான் கஞ்சி கைகொடுத்தது. நெய்ச்சோறு பதம் பார்க்கும் கையைக் கேட்கும். ஊரின் வட்டிலப்பமோ பொறுமையைக் கேட்கும். கஞ்சிக்கு ஒரு பெரிய தேக்சாவும், துடுப்புப் பிடிக்கும் இரண்டு கைகளும் போதும். நொய்யரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, பட்டை, கிராம்பு, கிடைத்தால் சிறிது ஆட்டிறைச்சி, இறுதியில் தேங்காய்ப்பால். லுஹருக்குப் பின் அடுப்பேற்றினால் அஸருக்குப் பதமாகிவிடும். நாளெல்லாம் வெறுமையாய்க் கிடந்த வயிற்றுக்கும் இதமானது. சமையலறை இல்லாமல் கடை மாடிகளில் கூட்டமாகத் தங்கியவர்களுக்குப் பள்ளிவாசல் அடுப்பே வீட்டு அடுப்பாயிற்று. நோன்பாளிக்கு உணவளிப்பவருக்கு அந்த நோன்பாளியின் நன்மை போன்றதே கிடைக்கும் என்ற நபிமொழி இருக்கையில், ஒவ்வொரு நாள் கஞ்சிக்கும் பொறுப்பேற்க ஒருவர் முன்வருவதில் வியப்பில்லை. கப்பித்தானாக நியமிக்கப்பட்ட காதிர் முஹ்யித்தீன் தலைமையில் 1801-இல் பினாங்குப் பள்ளிவாசலும், 1826-இல் சிங்கப்பூரின் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் தோன்றின. அவற்றின் முற்றங்கள் தொழுகைக்கு மட்டும் பயன்பட்டவை என்று எண்ணிவிடலாகாது.

அங்கே கஞ்சி மாறாமலும் இல்லை. அரிசி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்தது. தமிழ் முஸ்லிம்கள் மலாய்ப் பெண்களை மணந்து உருவான ஜாவிப் பெரனாக்கான் குடும்பங்களின் அடுக்களையில் ரம்பை இலை மணத்தது. ஊர்க் கஞ்சியின் அசல் ருசி கெட்டுவிட்டதாகக் குறைப்படுவோர் உண்டு. எனக்கு அந்தக் குறை இல்லை.

கடையநல்லூரார் இதில் விதிவிலக்கு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில் அவர்கள் குடும்பத்தோடு சிங்கப்பூர் வந்து தஞ்சோங் பகார் பகுதியில் குடியமர்ந்தனர். அவர்களின் பெண்கள் அம்மியில் மசாலா அரைத்து விற்றுப் பிழைத்தனர்.

பின்னர் 1942-இல் ஜப்பானியர் வந்தனர். ஊருக்கான கப்பல் நின்றது. கடிதமும் பணமும் நின்றன. பர்மா, சயாம் அரிசியை நம்பியிருந்த நகரங்களில் அரிசி பங்கீட்டுப் பொருளாகி, மரவள்ளிக்கிழங்கு அன்றாட உணவாயிற்று. 1945 வரை அப்படியே நான்கு ரமளான்கள் கழிந்தன. ஊரில் காத்திருந்தவர்களுக்குத் தம் சபுராளி உயிரோடிருக்கிறாரா என்றுகூடத் தெரியாமல் நோன்பு திறந்த மாலைகள் அவை.

போருக்குப் பின் குடும்பங்கள் பெருகின. வீட்டுக்கு வீடு அடுப்பும் வந்தது. ஆயினும் பள்ளிவாசல் தேக்சா இறக்கி வைக்கப்படவில்லை. இன்றும் அஸர் தொழுகை முடிந்ததும் பினாங்கில் பாத்திரங்களுடன் வரிசை நிற்கிறது. அதில் மலாய்க்காரரும் உண்டு. அவர்களும் அதைக் கஞ்சி என்றே கேட்டு வாங்குகின்றனர்.