பாரிமுனையில் புறப்படும் பத்திரிகை

வடசென்னை ராயபுரத்தில் கல்யாணம் நிச்சயமானால், பெரியவர்கள் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குக் கிளம்புவார்கள். அங்கே கடைகளில் அடுக்கியிருக்கும் அட்டைகளில் சிவகாசியிலிருந்து வந்தவை ஏராளம். அட்டை எடுக்க அரை மணி போதும். மேட்டர் எழுதத்தான் நாளாகும். பெரியப்பா பெயர் முதலிலா, தாய்மாமன் பெயரா? இன்ஷியல் சரியா? காலமானவருக்கு 'தெய்வத்திரு' போட்டாயிற்றா? ப்ரூஃப் பார்க்க வீடே கூடும்.

பிள்ளையார் சுழி இல்லாமல், பெரியார், அண்ணா படங்களோடு அச்சாகும் பத்திரிகைகளும் இங்கே உண்டு. புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணத்தை அண்ணா அரசு 1967-ல் சட்டபூர்வமாக்கியது. அதற்கு முன்பே, இந்தக் கல்யாணம் செல்லுமா என்ற கேள்வி தலைக்கு மேல் தொங்கும்போதே அப்படிப் பத்திரிகை அடித்தவர்களின் துணிவை நான் பெரிதாக மதிக்கிறேன்.

மற்ற வீடுகளில் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, முதல் பத்திரிகையைச் சாமிக்கு வைப்பார்கள். திருவொற்றியூர்க்காரர்களுக்கு வடிவுடையம்மன் இருக்கிறாள். சுந்தரர், சங்கிலியாரைப் பிரியமாட்டேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்து கைப்பிடித்த கோயில் அது.

அதன்பிறகுதான் உண்மையான அலைச்சல். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், குங்குமத்தோடு வீடு வீடாகப் போக வேண்டும். எண்ணூரில் ஆலை ஷிப்ட் பார்த்துப் போகாவிட்டால் கதவு பூட்டியிருக்கும். காசிமேட்டில் விசைப்படகு கடலுக்குப் போனால் ஆள் திரும்பப் பல நாளாகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் என்றால் கரையிலேயே பார்த்துவிடலாம். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக்கில் புகுந்து, புருஷனும் பெஞ்சாதியுமாக வந்து நின்று, "குடும்பத்தோட வந்துடணும்ண்ணா" என்று சொன்னால்தான் பத்திரிகை வைத்ததாகக் கணக்கு. வாட்ஸ்அப்பில் படம் மட்டும் அனுப்பினால், "எங்க வூட்டுக்கு வழி தெரியலையா?" என்பார்கள். அந்தக் கோபம் நியாயமானது.

மரியாதை காட்டும் விதம் ஊருக்கு ஊர் மாறும். ஜப்பானில் கல்யாண அழைப்பிதழுக்கு ஷோதாய்ஜோ என்று பெயர். அதோடு பதில் அட்டை ஒன்றும் வரும். வருகிறேன், வரவில்லை என்ற இரண்டில் ஒன்றைச் சுழித்து, தன்னைக் குறிக்கும் மரியாதை எழுத்துகளைப் பணிவோடு அடித்துவிட்டு அனுப்ப வேண்டும். முற்றுப்புள்ளி முறிவைக் குறிக்கும் என்று அதை அச்சிடுவதையே தவிர்க்கிறார்கள். அவர்கள் மரியாதையை எழுத்தில் கட்டிக் காக்கிறார்கள்; நாம் வாசற்படி ஏறிப்போய்க் காட்டுகிறோம்.

கல்யாணம் முடிந்தாலும் ஒரு பத்திரிகைக்கு வேலை பாக்கியிருக்கிறது. தமிழ்நாட்டின் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் திருமணத்தைப் பதிய வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம் நடந்ததற்குச் சான்றாகப் பத்திரிகையையும் கேட்பார்கள். விவரம் தெரிந்த அம்மாக்கள் ஒன்றைத் தனியாக பீரோவில் எடுத்து வைத்துவிடுவார்கள்.