கங்காணி முன்பணம் முதல் ஆலோங் வரை

 

ஆலோங் என்றதும் நம்ம பிள்ளைங்களுக்கு ஞாபகம் வருவது வீட்டுக் கதவில் ஊற்றிய சிவப்புச் சாயம்தான். ஆனால் நம்ம பாட்டன் பூட்டன் பலர் கப்பல் ஏறும்போதே கடனோடுதான் ஏறினார்கள்.

ஒப்பந்தக் கூலிகளுக்குக் கப்பல் கட்டணமே கடன். சம்பளத்தில் பிடிப்பார்கள். தோட்டத்தை விட்டு ஓடினால் ஜெயில். 1910-இல் அந்த முறை நின்றது. கங்காணி முறை மேலோங்கியது. கங்காணி தன் ஊருக்கே போய், வீட்டுக் கடனை அடைக்க முன்பணம் கொடுத்து ஆள் கூட்டி வருவார். அவர் ஆட்கள் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் அவருக்குத் தலைக்காசு உண்டு. அப்புறம் எப்படி ஆளை வேறு தோட்டத்துக்கு விடுவார்? 1938-இல் இந்திய அரசாங்கம் இப்படி ஆள் அனுப்புவதைத் தடுத்தது. 1941-இல் நம்ம கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு கள்ளுக்கடையை மூடச் சொல்லியும் கேட்டார்கள். சம்பளக் காசு எங்கே போகுது என்று அவர்களுக்குத் தெரிஞ்சிருந்தது.

சிலர் அந்தக் காலத்துச் செட்டியார்களையும் ஆலோங்கையும் ஒன்றாகப் பேசுறாங்க. எங்களுக்கு அதில் சம்மதமில்லை. கிட்டங்கியில் கணக்குப் புத்தகம் உண்டு, தகராறு என்றால் கோர்ட் உண்டு. ஆனா 1930-களில் ரப்பர் விலை விழுந்தபோது, கடன் கட்ட முடியாத சிறு தோட்டக்காரர்களின் நிலம் செட்டியார் கைக்குப் போனதும் உண்மை.

1951-இல் வட்டித்தொழில் சட்டம் வந்தது. இன்றைக்கு அந்தச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். அடமானம் இருந்தால் வருஷத்துக்கு 12 விழுக்காடு, இல்லாவிட்டால் 18 விழுக்காடு, அதற்கு மேல் வாங்கக் கூடாது. ஆயிரம் வெள்ளிக்கு வருஷ வட்டி 180 வெள்ளி. அதே ஆயிரத்துக்கு ஆலோங் வாரம் பத்து விழுக்காடு கேட்கிறான் என்று வைத்துக்கொள்வோம். 52 வாரத்தில் 5,200 வெள்ளி வட்டி மட்டும். முதல் அப்படியே நிற்கும்! இதில் முதல் தவணையைப் பிடித்துக்கொண்டுதான் கையில் தருவான். ஏடிஎம் கார்டும் ஐசி நகலும் அவனிடம். கங்காணி முன்பணத்துக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் எங்களுக்குத் தெரியவில்லை: நாளைய சம்பளத்தை இன்றைக்கே எழுதி வாங்கிக்கொள்வது.

வங்கி எட்டாத தூரத்தில் இருந்த சனங்க கூட்டுப் பிடித்தார்கள். ஏமாற்றும் நடந்தது. 1971-இல் அரசாங்கம் கூட்டுக்குத் தடைச் சட்டம் போட்டது. நம்ம தமிழ்ச் சொல்லே சட்டத்தின் பெயரில் ஏறியிருக்கு, பெருமைப்படுவதா தெரியவில்லை.

ஆனால் நல்ல சேர்க்கையும் இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரன் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றான். வேலையோடு வீடும் போச்சு. 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய் மாதம் 10 வெள்ளி சேர்க்கச் சொன்னார். பால் மரம் வெட்டினவர்களின் அந்தக் காசில் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் துன் சம்பந்தன் வழியாக நடக்கிற பிள்ளைங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

கடன் முற்றிப்போனவர்களுக்கு 2006 முதல் ஏகேபிகே இருக்கிறது, ஆலோசனை இலவசம். லைசென்ஸ் இல்லாதவன் எழுதி வாங்கிய கடன் பத்திரம் கோர்ட்டில் செல்லாது. மிரட்டினால் போலீஸில் புகார் கொடுக்கலாம்.

வரும் ஞாயிறு தேவார வகுப்பு முடிந்ததும் கோயில் மண்டபத்தில் பிள்ளைங்களோடு இதைப் பேசுறோம். வட்டிக் கணக்கை அவங்களே போட்டுப் பார்க்கட்டும், பென்சில் பேப்பர் நாங்க தர்றோம். ஏற்கெனவே மாட்டிக்கொண்ட தம்பி தங்கச்சி யாராவது இருந்தால், அன்னதானம் முடிந்த பிறகு சமையல்கட்டுப் பக்கம் தனியா வந்து எங்களைப் பாருங்க. அப்பா அம்மாகிட்ட எப்படிச் சொல்வது என்பதையும் சேர்ந்தே யோசிப்போம்.